வங்கியியலும் காப்புறுதியும்: கற்கத் தக்க கல்வி

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலங்களில் எமக்கு வரும் கடிதங்கள் பெருகுவது வழக்கம். வைத்தியம், பொறியியல் ஆகிய இரண்டையும் பற்றி எழுதுவோர் தாம் செல்ல வேண்டிய வழியை ஏற்கெனவே அறிந்திருப்பர். வர்த்தகப் பிரிவில் கற்ற மாணவரும் அவர்தம் பெற்றோருமே பெரிதும் தடுமாறுகின்றனர். அவர்கள் எழுதும் கடிதங்களில் இரண்டு வினாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘வங்கியிலே காசு எண்ணுவதற்கு நான்கு வருடம் பல்கலைக்கழகத்திலே படிக்க வேண்டுமா?’ என்பது ஒன்று. ‘காப்புறுதி படித்தால் வீடு வீடாய் ஏறி இறங்கத்தானே வேண்டும்?’ என்பது மற்றையது.

இவ்விரு வினாக்களையும் ஏளனம் செய்து ஒதுக்குதல் முறையன்று. பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒரு கல்வியில் இடுமுன், அதனால் விளையும் பயன் யாதெனப் பெற்றோர் வினவுவது நியாயமே. ஆதலின், இவ்வாரம் வங்கியியலும் காப்புறுதியும் எத்தகைய கல்வி, அதனை எங்கே கற்கலாம், கற்றவர்க்கு என்ன தொழில்கள் உண்டு என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

எம்மிடையே வங்கி வளர்ந்த வரலாறு

கொடுக்கல் வாங்கல் எம்மவர்க்குப் புதியதன்று. சீட்டுக் கட்டுதல், நகையை அடைவு வைத்தல், காணியை ஈடு வைத்தல் என்பன எம் ஊர்களில் வங்கிகள் வருமுன்னரே வழங்கிய முறைகள். கொழும்பில் செட்டியார் தெருவிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டிமார் உண்டியல் மூலம் கடல் கடந்தும் பணம் அனுப்பினர். ஆங்கிலேய வங்கிகளின் வாயிலை அணுக இயலாத உள்ளூர் வணிகர்க்கும் தோட்ட உடைமையாளர்க்கும் கடன் வழங்கியவர்களும் அவர்களே. வங்கிக் காசாளரைச் ‘சிறாப்பர்’ என்று மரியாதையோடு அழைத்த காலம் அது.

அக்காலத்து வங்கிகள் பெருந்தோட்ட வணிகத்தை நம்பியே நின்றன. 1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடியில் இலை நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 ஆம் ஆண்டில் முறிந்தது. அவ்வங்கியின் நாணயத் தாள்களே அந்நாளில் இலங்கையில் பெருமளவில் வழங்கின. வங்கி முறிந்ததும் தாளைக் கையில் வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். அரசாங்கம் அத்தாள்களுக்குத் தானே உத்தரவாதம் அளித்துப் பீதியைத் தணித்தது. அதன் பின்னரே நாணயத் தாள் வெளியிடும் பொறுப்பினை அரசு தானே மேற்கொண்டது. ஓர் இலையிலே தோன்றிய நோய் ஒரு நாட்டின் நாணய முறையையே மாற்றிற்று எனலாம். கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனது தொழிலையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

1934 ஆம் ஆண்டில் ஸேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, இந்நாட்டவரின் தேவைக்கென அரசின் துணையோடு ஒரு வங்கி அமைய வேண்டுமென விதந்துரைத்தது. அதன் பயனாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. 1950 இல் மத்திய வங்கியும், 1961 இல் மக்கள் வங்கியும் பிறந்தன. இலங்கை வங்கியின் பொது முகாமையாளராக விளங்கிய லோகநாதன் அவர்களும், 2016 முதல் 2019 வரை மத்திய வங்கியின் ஆளுநராயிருந்த இந்திரஜித் குமாரசுவாமி அவர்களும் தமிழர் இத்துறையில் எய்திய உயரத்துக்குச் சான்றாவர்.

காப்புறுதி என்பது யாது?

பலர் சிறிது சிறிதாக இட்டு, அவர்களுள் இடர்ப்பட்ட சிலரைத் தாங்குவதே காப்புறுதி. மரண வீட்டுச் செலவுக்கென எம் ஊர்களில் அமைந்த சங்கங்களின் கருத்தும் இதுவே. ஆனால் எவ்வளவு இட வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறிவதிலேயே காப்புறுதி ஒரு சாத்திரமாகின்றது.

ஓர் ஊரில் 1,000 வீடுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 20 இலட்சம் ரூபா பெறுமதியானது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு வீடுகள் தீயினால் அழிகின்றன எனவும் வைத்துக்கொள்வோம். ஆண்டின் மொத்த இழப்பு 40 இலட்சம் ரூபா. இதனை ஆயிரம் வீட்டாரும் பகிர்ந்துகொண்டால் ஒருவர்க்கு வருவது 4,000 ரூபா மாத்திரமே. எவருடைய வீடு எரியும் என்பதை எவராலும் கூற முடியாது. ஆனால் ஏறத்தாழ எத்தனை வீடுகள் எரியும் என்பதைக் கூற முடியும். தனி ஒருவருக்கு நிச்சயமற்றதாயிருப்பது பெருந்தொகையினர்க்கு ஏறக்குறைய நிச்சயமாகின்றது. இந்த உண்மையின் மீதே காப்புறுதி எனும் மாளிகை எழுந்து நிற்கின்றது.

இவ்வுண்மையை மனிதர் ஒரு நாளிற் கண்டுவிடவில்லை. 1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைத் தீ அழித்த பின்னரே வீடுகளுக்குத் தீக் காப்புறுதி செய்யும் நிறுவனங்கள் அங்கே தோன்றின. எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகர்களால் கப்பற் காப்புறுதி வளர்ந்தது. வால்வெள்ளிக்குத் தம் பெயரை ஈந்த எட்மண்ட் ஹலி என்னும் வானியல் அறிஞர், 1693 ஆம் ஆண்டில் பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதினர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்தார். 1762 இல் இலண்டனில் அமைந்த எக்குயிற்றபிள் சங்கம் வயதுக்கேற்பக் கட்டுப்பணம் விதிக்கும் முறையைக் கையாண்டது. விண்மீன்களை ஆராய்ந்த கணிதமே விதவையரின் வாழ்வுக்கும் துணை செய்தது.

எமது நாட்டில் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1962 முதல் ஆயுட் காப்புறுதியும், 1964 முதல் பொதுக் காப்புறுதியும் அரசின் தனியுரிமையாயின. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் இத்துறையிற் புகுந்தன. கூட்டுத்தாபனம் 2003 இல் தனியார் வசமாகி, 2009 இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பினால் மறுபடியும் அரசுடைமையாயிற்று. இத்துறையை மேற்பார்வை செய்யும் சபை, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. 2017 முதல் அது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு எனப் பெயர் பெற்றுள்ளது.

கற்பவை எவை?

பல்கலைக்கழகத்தில் முதலாண்டிற் பொருளியல், கணக்கீடு, புள்ளிவிபரவியல், வணிகச் சட்டம், ஆங்கிலம், கணினி ஆகியன அடித்தளமாக இடப்படும். பின்னைய ஆண்டுகளில் வங்கி நடைமுறையும் சட்டமும், கடன் மதிப்பீடு, சர்வதேச வணிகத்துக்கான நாணயக் கடிதங்கள், முதலீடு, இடர் முகாமைத்துவம், ஆயுட் காப்புறுதி, கடற் காப்புறுதி, மீள்காப்புறுதி முதலியன வரும். இறுதிக் காலத்தில் ஒரு நிறுவனத்திற் பயிற்சியும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் இருத்தல் பொது வழக்கு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப் புள்ளிகளும் தேவையாகும்.

பாடப் பெயர்களைக் கூறுவதால் மாத்திரம் ஒரு கல்வியின் தன்மை விளங்காது. ஆதலால் இரண்டு கணக்குகளைக் காட்டுவோம்.

ஒருவர் ஓர் இலட்சம் ரூபா கடன் பெறுகிறார். ‘வட்டி நூற்றுக்கு 20, ஓர் ஆண்டில் திருப்பித் தர வேண்டும், மாதம் 10,000 ரூபா’ என்று கூறப்படுகின்றது. மொத்தம் 1,20,000 ரூபா. கேட்பதற்கு நூற்றுக்கு 20 சரிதான். ஆனால் அந்த ஓர் இலட்சம் ரூபா ஆண்டு முழுவதும் அவரிடம் இருக்கின்றதா? முதல் மாத முடிவிலேயே அவர் திருப்பிச் செலுத்தத் தொடங்கிவிடுகிறார். ஆண்டு முழுவதையும் சராசரியாக நோக்கின், அவர் கையில் இருந்த கடன் பாதிக்குச் சற்று மேலானதே. ஆகவே, குறைந்து செல்லும் நிலுவையின் மீது கணக்கிட்டால், அவர் உண்மையிற் செலுத்தும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 35 ஆகின்றது! கடன் தந்தவர் கூறியதும் பொய்யன்று. வாங்கியவர் விளங்கிக்கொண்டது மெய்யுமன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறிவதே கல்வி.

இனி இரண்டாவது கணக்கு. ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டினை, கட்டுப்பணத்தைக் குறைக்கும் எண்ணத்தோடு, ஒருவர் 50 இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்கிறார். தீயினால் 20 இலட்சம் ரூபா சேதம் ஏற்படுகின்றது. 50 இலட்சத்துக்குக் காப்புறுதி இருப்பதால் 20 இலட்சமும் கிடைக்கும் என்றே அவர் எண்ணுவார். ஆனால் பத்திரத்திற் சராசரி வாசகம் இருப்பின், அவர்க்குக் கிடைப்பது 10 இலட்சமே. வீட்டின் பாதியைத்தானே காப்புறுதி செய்தார்? எஞ்சிய பாதிக்கு அவரே பொறுப்பாளி. இதனை அறியாது பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்து, இடர் வந்த நாளிற் கம்பனியை வைதவர் பலர்.

ஒரு குடும்பத்தின் கதை

எமது மாணவன் ஒருவனின் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். அவனது தந்தையார் கொத்து வேலை செய்தவர். நீரிழிவு நோயுடையவர். அறிமுகமான முகவர் ஒருவர் வற்புறுத்தவே ஆயுட் காப்புறுதி எடுத்துக்கொண்டார். விண்ணப்பப் படிவத்தை முகவரே நிரப்பினார். நோய் பற்றிய வினாவுக்கு, ‘அதை எழுதினால் கட்டுப்பணம் கூடும் அண்ணை, விடுங்கோ’ என்று கூறி, ‘இல்லை’ என்று குறித்தார். தந்தையார் படிவத்தை வாசியாமலே கையொப்பம் இட்டார். பதினாறு மாதங்களின் பின் மாரடைப்பினால் அவர் காலமானார். வைத்தியசாலைப் பதிவுகளைப் பெற்று ஆராய்ந்த கம்பனி, உண்மை மறைக்கப்பட்டதெனக் கூறி இழப்பீட்டை மறுத்துவிட்டது. தாயார் சீதனமாகப் பெற்ற காணித் துண்டை விற்றே பிள்ளைகளின் படிப்பைத் தொடர வேண்டியதாயிற்று.

அதியுயர் நம்பிக்கை என்பது காப்புறுதிச் சட்டத்தின் முதற் கோட்பாடு. சாதாரண விற்பனையிற் பொருளைச் சோதித்து வாங்குவது வாங்குபவரின் கடமை. காப்புறுதியிலோ, தன்னைப் பற்றிய முக்கிய உண்மைகளைத் தானே முன்வந்து கூறுவது காப்புறுதி செய்பவரின் கடமை. அம்மனிதர் இக்கோட்பாட்டை அறியார். அறிந்திருக்க வேண்டிய முகவரோ தமது தரகுப் பணத்தையே நினைத்தார். படிவத்தில் ஒரு சொல் மாறி எழுதப்பட்டிருந்தால், சிறிது கூடுதலான கட்டுப்பணத்தோடு அக்குடும்பம் காக்கப்பட்டிருக்கலாம். காப்புறுதிக் கல்வி கற்ற நேர்மையான ஒருவர் அம்மேசையின் மறுபுறத்தில் இருந்திருப்பின், அக்காணித் துண்டு இன்றும் அவ்வீட்டாரிடமே இருந்திருக்கும்.

ஒரு வீட்டின் கதை இதுவாக, ஒரு நாட்டுப்புறத்தின் கதையும் உண்டு. 2009 இல் போர் முடிவுற்றதும் வடக்கிலும் கிழக்கிலும் வங்கிக் கிளைகளும் நிதிக் கம்பனிகளும் விரைந்து பெருகின. நுண்கடன் என்ற பெயரிற் சிற்றூர்ப் பெண்களுக்குக் குழுக் குழுவாகக் கடன் வழங்கப்பட்டது. ஒரு கடனை அடைக்க மற்றொன்று, அதனை அடைக்க வேறொன்று எனப் பல குடும்பங்கள் ஆழ்ந்தன. 2016 இல் நுண்நிதிச் சட்டம் நிறைவேறியது. 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலையும் வந்தது. நாம் மேலே காட்டிய முதற் கணக்கு அப்பெண்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கடன் கொடுக்கச் சென்ற இளைஞருள் எத்தனை பேர் அதனை எடுத்துக் கூறியிருப்பர்?

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது அழிந்த வீடுகளிலும் வள்ளங்களிலும் பெரும்பாலானவை காப்புறுதி செய்யப்படாதவை. வெள்ளத்தால் நெல்லையும், நோயினால் மாட்டையும் இழந்து நிற்கும் கமக்காரருக்கென 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை உண்டு. ஆயின் காப்புறுதியின் பயனைக் கமக்காரரின் மொழியில், அவர் வரப்பில் நின்று விளக்குவோர் போதாது. எனவே இக்கல்வி உத்தியோகம் தேடுவதற்கு மாத்திரம் உரியதன்று. எமது சமூகத்துக்கு இன்றியமையாததும் ஆகும்.

எங்கே கற்கலாம்?

க. பொ. த. உயர்தரத்திற் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றைக் கற்றோர்க்கு வழி நேரானது. குளியாப்பிட்டியில் அமைந்த வயம்ப பல்கலைக்கழகத்தின் வணிகக் கற்கைகள், நிதிப் பீடத்தில் வங்கியியலுக்கும் நிதிக்கும் ஒரு துறையும், காப்புறுதிக்கும் மதிப்பீட்டுக்கும் வேறொரு துறையும் உண்டு. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, களனி ஆகிய பல்கலைக்கழகங்களில் நிதித் துறையிற் சிறப்புப் பட்டம் பெறலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடம், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவின் வியாபாரக் கற்கைகள் பீடம், கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்பனவும் எம் மாணவர்க்கு அண்மையில் உள்ளவை. அனுமதி வெட்டுப்புள்ளிகள் ஆண்டுதோறும் மாறுவன ஆதலின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை மாணவர் தாமே வரி விடாது வாசித்தல் வேண்டும். பிறர் சொற் கேட்டு விண்ணப்பத்தை நிரப்புதல், முன்னர்க் கூறிய தந்தையார் படிவத்தில் ஒப்பமிட்டதையே ஒக்கும்.

வெட்டுப்புள்ளி எட்டாதவர் மனம் உடைய வேண்டியதில்லை. 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கை வங்கியாளர் நிறுவகம் நடத்தும் பரீட்சைகள், வங்கி உலகில் மதிப்புடையவை. காப்புறுதிக்கு, 1912 இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் பட்டயக் காப்புறுதி நிறுவகத்தின் பரீட்சைகளை இங்கிருந்தே எழுதலாம். திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. உயர்தரத்தோடு வங்கியிற் பயிலுநராகச் சேர்ந்து, இரவிற் படித்து, பரீட்சைகளை ஒவ்வொன்றாகக் கடந்து உயர் பதவி எய்தியோர் எம்மிடையே பலர்.

தொழில்கள் எவை?

வங்கி என்றதும் கண்ணாடிக்குப் பின்னாற் காசு எண்ணுபவரே எம் நினைவுக்கு வருகிறார். உண்மையில் அவ்வேலையே விரைந்து குறைந்து வருகின்றது. பணம் எடுக்க இயந்திரமும், பணம் அனுப்பக் கைத்தொலைபேசியும் போதுமான காலம் இது. காசு எண்ணுவதற்குப் பட்டம் வேண்டுமா எனக் கேட்ட பெற்றோர்க்கு எமது மறுமொழி இதுவே: காசு எண்ணும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது, இயந்திரத்தால் ஆகாத வேலைக்கே பட்டம் வேண்டப்படுகின்றது.

கடன் கேட்டு வருபவரின் தொழிலையும் நாணயத்தையும் எடைபோடும் கடன் உத்தியோகத்தர், ஏற்றுமதி இறக்குமதிக்கான பத்திரங்களை ஆராய்பவர், வங்கியின் பணத்தை நாள்தோறும் முதலிடும் திறைசேரிப் பகுதியினர், இடர் முகாமையாளர், உள்ளகக் கணக்காய்வாளர் எனப் பல பிரிவுகள் வங்கியில் உள்ளன. 2006 ஆம் ஆண்டில் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டமும், நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் வந்த பின், சட்ட இணக்கத்தைக் கண்காணிக்கும் உத்தியோகத்தர் ஒவ்வொரு வங்கிக்கும் வேண்டியவராயினர். பட்டதாரிகளைப் பல வங்கிகள் முகாமைத்துவப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்கின்றன. மத்திய வங்கியின் பதவிகளுக்குப் போட்டி கடுமையானது. எனினும் முயல்வோர்க்கு வாயில் திறந்தே உள்ளது.

காப்புறுதித் துறையில் முகவர் தொழில் ஒன்றே உண்டென எண்ணுதல் கிணற்றைக் கண்டு கடலை அளப்பதாகும். எந்த இடரை எந்தக் கட்டுப்பணத்துக்கு ஏற்கலாம் என்று தீர்மானிப்பவர் ஒருவர். இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்பவர் மற்றொருவர். தீப்பற்றிய களஞ்சியத்துக்கும் மூழ்கிய வள்ளத்துக்கும் நேரிற் சென்று நட்டத்தைக் கணிக்கும் இழப்பு மதிப்பீட்டாளர் வேறொருவர். வாடிக்கையாளரின் சார்பில் நின்று தக்க கம்பனியைத் தேடித் தரும் தரகரும் உளர். கணிதத்தில் வல்லவர்க்கோ ஆக்சுவரி எனப்படும் காப்புறுதிக் கணிப்பியலாளர் தொழில் காத்திருக்கின்றது. ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் இத்தகைய ஒருவரை நியமித்தே ஆக வேண்டுமெனச் சட்டம் கூறுகின்றது. பிரித்தானிய நிறுவகத்தின் பரீட்சைகளே இதற்குரிய வழமையான வழி. அவை பல ஆண்டு உழைப்பைக் கேட்பவை. ஆயின் தேறியவர் உலகின் எந்நாட்டிலும் வரவேற்கப்படுவர். தூய கணிதத்திற் சிறந்த மாணவர் பொறியியல் ஒன்றையே நினையாது இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

முகவர் தொழிலையும் நாம் இழிவாகக் கருதவில்லை. அதற்கும் முன்தேர்வுப் பரீட்சை ஒன்றில் தேறுதல் வேண்டும். உண்மை கூறி, ஒரு குடும்பத்தின் தேவையை அறிந்து, அதற்கேற்ற பத்திரத்தைப் பெற்றுக் கொடுப்பவர் நல்லாசிரியருக்கும் நல்வைத்தியருக்கும் குறைந்தவர் அல்லர். வீடு வீடாய் ஏறி இறங்குவதில் இழிவில்லை. ஏறிய வீட்டில் என்ன கூறுகிறோம் என்பதிலேயே உயர்வும் இழிவும் உள்ளன.

கூட்டுறவுச் சங்கங்கள், பிரதேச அபிவிருத்தி வங்கி, பங்குச் சந்தைத் தரகு நிறுவனங்கள், பாடசாலைகளில் வர்த்தக ஆசிரியப் பதவி என்பனவும் இப்பட்டதாரிகளுக்கு உரியனவே.

சில எச்சரிக்கைகள்

நன்மைகளை மாத்திரம் கூறி நிறுத்துவது முகவரின் பண்பாகும்; ஆசிரியர்க்கு அஃது அழகன்று. ஆதலின் மறுபக்கத்தையும் காட்டுவோம்.

பட்டம் மாத்திரம் உத்தியோகத்தைத் தந்துவிடாது. இக்கற்கைகள் பெரும்பாலும் ஆங்கில மொழியிலேயே நடைபெறுகின்றன. தமிழ் மொழி மூலம் உயர்தரம் வரை கற்ற எம் மாணவர் பலர் முதலாண்டிலே தத்தளிப்பது இதனாலேயே. பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையிலே கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கென ஒதுக்குதல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை அகராதியோடு வாசித்தாலே பாதித் தூரம் கடந்தவராவர். சிங்களமும் பேசக் கற்றவர்க்கு இந்நாடு முழுவதும் தொழிற்களமாகும்.

இடமாற்றம் உண்டு. விற்பனை இலக்குகளின் நெருக்குதலும் உண்டு. மாத முடிவில் இலக்கை எட்டும் ஆசையில், தகுதியற்றவர்க்குக் கடன் கொடுக்கவும், தேவையற்றவரிடம் பத்திரத்தை விற்கவும் மனம் தூண்டப்படும். அந்நாளில் இளைஞரைக் காப்பது சான்றிதழன்று, பழகிய ஒழுக்கமே. பிறர் பணத்தை நாளெல்லாம் கையாள்பவர்க்குச் சிக்கனமும் வேண்டும். தன் கடனைத் தவணை தவறாது அடைக்காதவரை, 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவற் பணியகத்தின் பதிவு காட்டிக் கொடுத்துவிடும். தவணைக்கு மோட்டார்ச் சைக்கிள் வாங்க விரையும் இளைஞர் இதனை நினைவில் இருத்துக.

பெண் பிள்ளைகளைத் தூர இடங்களுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். இன்று வங்கிகளிற் பெண்கள் கிளை முகாமையாளராகவும் அதனினும் உயர்ந்த பதவிகளிலும் பணிபுரிகின்றனர். கணக்கிலும் நிதானத்திலும் அவர்கள் சளைத்தவர் அல்லர் என்பதை, வீட்டுச் செலவை நடத்தும் எம் தாய்மாரைக் கண்ட எவரும் அறிவர்.

2022 ஆம் ஆண்டினை நாம் மறந்துவிட இயலாது. அவ்வாண்டு சித்திரையில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அம்மாதத்திலேயே மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் நூற்றுக்கு 7 புள்ளிகளால் உயர்த்தியது. புரட்டாதியிற் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவில் நின்றது. முதியோரின் நிலையான வைப்புக்கள் கண்முன்னே பெறுமதி இழந்தன. பணவீக்கம், நாணய மாற்று, வட்டி வீதம் என்பன பாடநூலிற் கிடந்த சொற்களாயன்றி, அடுப்பங்கரையிற் பேசப்படும் சொற்களாயின. ‘வங்கியில் உள்ள காசுக்கு என்ன ஆகும் சேர்?’ என்று எம்மைக் கேட்டவர்கள் பலர். 2010 முதல் இந்நாட்டில் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒன்று உண்டு என்பதையும், 2021 இல் அதன் எல்லை ஒருவர்க்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது என்பதையும் கேட்டு வியந்தவர் பலர். தம் பணத்தைப் பற்றிய இத்தகைய செய்தியை மக்கள் இடர் வந்த பின்னரே அறிய நேர்ந்தது வருந்தத் தக்கது.

ஆகவே, எமக்குக் கடிதம் எழுதிய பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. உங்கள் பிள்ளைக்கு எண்ணில் விருப்பும், மனிதரோடு பழகும் பொறுமையும், பிறர் பொருளுக்கு ஆசைப்படாத மனமும் உண்டாயின், தயங்காது இக்கல்விக்கு அனுப்புங்கள். இம்மூன்றில் மூன்றாவது இல்லையெனின், எத்துணைப் புள்ளிகள் பெற்றிருப்பினும் வேறு துறையை நாடச் செய்யுங்கள். மாணவர்க்குக் கூறுவதும் ஒன்றுண்டு. பட்டம் பெறும் நாள் வரை காத்திராது, இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள காப்புறுதிப் பத்திரத்தையும் அடைவுத் துண்டையும் எடுத்து, முழுவதையும் வாசித்து, அதன் பொருளைத் தாய் தந்தையர்க்கு எடுத்துக் கூறுங்கள். விளங்காத வரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் முதற் பாடம் அங்கேயே தொடங்குகின்றது.